பின்னுக்கு இருப்பவர்

நாங்கள் பொல்கொட ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை தாண்டும்வரை காருக்குள் நானும் என் கணவர் சாரங்கனும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மொறட்டுவைக்குக் கிட்ட வரும்போது அவர், "கோழிக்கழுத்து எடுத்தனீரா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். சில மாதங்களாக எங்கள் வீட்டில் கதைபேச்சு அந்த அளவில்தான் இருந்தது.

ஏரிக்கரையில் ஹெக்டர் என்ற வயதான சிங்களவரின் வளவு. என் தம்பி ஹரிசன் ஆசைப்பட்டு வாங்கிய கயாக் அங்கேதான் கிடந்தது. செம்மஞ்சள் நிறம். முன்னும் பின்னுமாக இரண்டு பேர் இருந்து வலிக்கிற சாதி. எங்களைக் கண்டதும் ஹெக்டர் தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பி வந்தார்.

"நோனா, யன்ன எபா," என்றார். போக வேண்டாமாம்.

அம்மா அனுப்பித்தான் வந்தோம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் கயாக்கை மூடியிருந்த படங்கை இழுத்துக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போகக் கூடாது என்று எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே செய்கிற காரியங்கள்தானே எங்கள் குடும்பத்தில் அதிகம்.

கயாக்கில் நண்டு பிடிக்கிறதென்றால் இரண்டு பேருக்கும் இரண்டு வேலை. முன்னுக்கு இருப்பவர் இரும்பு வளையத்தில் கட்டிய சின்ன வலைகளுக்குள் கோழிக்கழுத்தை வைத்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். கயிற்றின் மேல்நுனியில் ஒரு வெறும் போத்தல் மிதக்கும். கொஞ்ச நேரம் கழித்து வந்து அதைப் பிடித்து வலையைத் தூக்க வேண்டும். பின்னுக்கு இருப்பவர் துடுப்பு வலித்துப் படகை நேராக வைத்திருப்பார். வலை மேலே வரும்போது நண்டு சிலவேளை மடிக்குள்ளேயே விழும். அந்த நேரத்தில் திரும்பினால் படகு கவிழும், அல்லது நண்டு விரலைப் பிடிக்கும். ஆகவே முன்னுக்கு இருப்பவர் பின்னால் பார்ப்பதே இல்லை. துடுப்புச் சத்தம் கேட்கும்வரை ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

ஞாயிறு பின்னேரங்களில் சாரங்கன் முன்னுக்கு, ஹரிசன் பின்னுக்கு. மச்சானும் மச்சானும் ஒரு வாளி நண்டோடு வந்து குசினியை நாறடிப்பார்கள். ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம் சாரங்கன் மட்டும் வந்தார்.

"பின்னால வலிச்சுக்கொண்டுதான் இருந்தவன்," என்றார். பொலிசுக்கும் அதையே சொன்னார். கடற்படைச் சுழியோடிகளிடமும் சொன்னார். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டும் சொன்னார். "நான் கடைசி வலையைத் தூக்கி முடியுமட்டும் துடுப்புச் சத்தம் கேட்டது. திரும்பினா ஆளில்லை. லைஃப் ஜாக்கெட் மட்டும் இருந்தது. கொக்கியெல்லாம் பூட்டினபடி."

யார் நம்புவார்? ஆள் விழுந்தால் படகு ஆடாதா? பூட்டிய கொக்கி பூட்டியபடி இருக்க உடம்பு எப்படிக் கழன்று போகும்? கனடாவில் இருந்து சித்தப்பா வீடியோ கோலில் வந்து, குடித்திருந்தார்களா என்று விசாரித்தார். இரண்டு பேருக்கும் இடையில் ஏதோ சண்டை, கொழுவலாம் என்று சந்தையில் கதைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஊரை விடுவோம், நானே நம்பவில்லை. நான் நம்பாததுதான் அவரை அதிகம் நோகடித்தது. நோகட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

அம்மா அவரோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். எல்லாம் என் மூலம்தான். அவர் எதிரில் இருக்கும்போதே, "உன்ர மனிசனுக்குச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது" என்பார். ஒரே பிளாட், ஒரே மேசை. நான் நடுவில் இருந்து தபால்காரி வேலை பார்த்தேன்.

உடம்பு கிடைக்கவில்லை. தர்ப்பையில் ஓர் உருவம் செய்து எரித்துச் செத்தவீட்டை முடியுங்கோ, பிறகு எட்டுச் செலவு, அந்தியேட்டிக் கிரியை எல்லாம் செய்யலாம் என்று ஐயர் சொன்னார். எட்டுச் செலவு என்பது செத்தவருக்குப் பிடித்த மச்சம் மாமிசமெல்லாம் சமைத்து இலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது. அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது நம்பிக்கை.

"எரிக்க விடமாட்டன்," என்றார் அம்மா. "படையல் மட்டும் செய்யுங்கோ. பிள்ளை பசியோட நிக்கிறான்."

ஐயருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எரிக்காமல் படைக்கக் கூடாது அம்மா. வந்தவர் போக மாட்டார்."

"போகாட்டி நல்லது," என்றார் அம்மா.

ஐயர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா தானே செய்வதென்று முடிவெடுத்தார். ஹரிசனுக்கு நண்டுதான் உயிர். அதுவும் அவன் பிடித்த ஏரி நண்டுதான் வேண்டும். "உன்ர மனிசனுக்குச் சொல்லு," என்றார். "கூட்டிக்கொண்டு போனவர்தானே. அவரே போய்ப் பிடிச்சுக்கொண்டு வரட்டும்."

மகனை விழுங்கிய தண்ணீரில் இருந்து மகனுக்கே நண்டு. ஆனால் நானும் போகத் தீர்மானித்தேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அவர் இருந்த முன் இருக்கையில் நான் இருக்க வேண்டும். பின்னால் ஆள் இல்லாமல் போவது தெரியாதா என்று என் முதுகால் நானே அறிய வேண்டும். அவர் சொன்னது பொய்யென்றால் அன்றோடு எங்கள் வாழ்க்கை சரி. பொய்யாக இருக்க வேண்டும் என்றும் விரும்பினேன். பொய்யென்றால் கோபப்பட ஓர் ஆளாவது மிஞ்சும்.

"நீர் முன்னுக்கு இருக்க வேண்டாம் சாரு," என்றார் சாரங்கன், படகைத் தண்ணீருக்குள் தள்ளியபடி.

"ஏன்?"

"பின்னுக்கு இருக்க எனக்குப் பயமாக் கிடக்கு."

"ஹரிக்கும் பயமா இருந்திருக்கும்," என்றேன்.

அவர் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு பின்னுக்கு ஏறினார்.

ஏரி அசையாமல் கிடந்தது. கரையெல்லாம் கண்டல் மரங்கள். சேறும் அழுகிய இலையும் கலந்த மணம். எதிர்க்கரையில் எங்கோ ஒரு கலியாண மண்டபத்தில் பைலா பாட்டுப் போட்டிருந்தார்கள். சாரங்கனுக்குத் துடுப்பு வலிக்க ஒருநாளும் சரியாக வராது. ஒவ்வொரு வலிப்புக்கும் என் முதுகில் தண்ணீர் தெறித்தது. நான் வலைகளை இறக்கிக்கொண்டே போனேன். கண்டல் மரங்களுக்கு அருகில் கடைசி வலையை விட்டுவிட்டுக் காத்திருந்தோம். பிறகு முதல் போத்தலிடம் திரும்பினோம்.

"சாரு, ஒண்டு சொல்லட்டா?"

"சொல்லுங்கோ."

"அண்டைக்கு அவன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவன். பாட்டு நிண்டது. துடுப்பு நிக்கேல்லை. அதாலதான் நான் திரும்பேல்லை." அவருடைய குரல் உடைந்தது. "பாட்டு நிண்டவுடன திரும்பியிருக்க வேணும், என்ன?"

நான் கயிற்றை இழுத்தேன். வலை பாரமாக வந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்ததைவிடப் பெரிய நண்டு, கறுத்த பச்சை, கொடுக்கை விரித்துக்கொண்டு நின்றது. அதை உதறி வாளிக்குள் விழுத்த எனக்குப் பெரும்பாடாய்ப் போய்விட்டது. மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடினேன்.

அந்தக் குரலில் பொய் இல்லை. எத்தனை வருசம் அந்த மனிதனோடு வாழ்ந்தவள் நான். பொய் சொன்னால் அவருக்கு வாய் குழறும். இப்போது குழறவில்லை, அழுதது. இந்த மாதங்கள் முழுவதும் அவர் சொன்னது உண்மை என்றால் நான் எப்படிப்பட்ட பெண்? வெட்கமாக இருந்தது. அவர் மேல் இரக்கம் பொங்கிக்கொண்டு வந்தது.

"நான் உங்களை நம்புறன்," என்றேன், முன்னுக்குப் பார்த்தபடியே.

பதில் இல்லை.

"கேட்டதே? நம்புறன் எண்டு சொன்னனான்."

துடுப்புச் சத்தம் மட்டும் வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். ஆம்பிளைகள் அழும்போது பார்க்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். அடுத்த போத்தல் கிட்ட வந்தது.

எதிர்க்கரைப் பாட்டு நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

தவளை இல்லை. காகம் இல்லை. காற்றும் இல்லை.

துடுப்பு மட்டும்.

என் முதுகில் தண்ணீர் தெறிக்கவில்லை. அதுவும் பிறகுதான் உறைத்தது. வலிப்பு மெல்லியதாக, லேசாக இருந்தது. படகு கோணாமல், கயிறு பிடித்த மாதிரி நேரே போனது. சாரங்கன் ஒருநாளும் இப்படி வலித்ததில்லை.

தட்.

துடுப்பைப் படகின் விளிம்பில் தட்டுகிற சத்தம். கையில் தண்ணீர் வழியாமல் இருக்க, கொஞ்சம் வலித்துவிட்டு ஒரு தட்டு. அப்படி வலிக்கிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். அவனோடு இந்தப் படகில் வந்திருக்கிறேன். "படகு உடையப் போகுதடா" என்று பேசியிருக்கிறேன்.

போத்தலுக்கு நீட்டிய கையை மடிக்குள் எடுத்தேன்.

"ஹரி?" என்றேன்.

தட்.

பயம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிட முந்திக்கொண்டு வந்தது சந்தோசம். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சும்மா சொன்னதில்லை. என் தம்பி எனக்குப் பின்னால் இருந்தான். சேற்று மணம், ஈரத்துணி மணம், கழுத்தடியில் ஒரு குளிர். திரும்பினால் போய்விடுவான் என்று ஏனோ நிச்சயமாகத் தெரிந்தது. நான் திரும்பவில்லை. "அம்மா சரியாச் சாப்பிடுறேல்லை ஹரி," என்றேன். "உன்ர அறையை ஒருத்தரையும் கூட்ட விடுறா இல்லை. நீ வாறாய் எண்டு கதவு பூட்டாமல் படுக்கிறா." அழுகையும் சிரிப்புமாக எதையெதையோ சொல்லிக்கொண்டே போனேன். அவன் வலித்துக்கொண்டே வந்தான். சூரியன் மரங்களுக்குப் பின்னால் போய் தண்ணீர் கறுத்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு மற்றவரின் நினைவு வந்தது.

திரும்பினேன்.

இருக்கையில் லைஃப் ஜாக்கெட் நிமிர்ந்து இருந்தது. எல்லாக் கொக்கியும் பூட்டியிருந்தது. துடுப்பு குறுக்கே கிடந்து நீர் சொட்டியது.

படகு இன்னும் போய்க்கொண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் ஹெக்டர் தன் மோட்டார்ப் படகை எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கரைசேர்த்தார். நண்டு வாளி ஏரியில் கவிழ்ந்துவிட்டது. சுழியோடிகள் திரும்பவும் வந்தார்கள், திரும்பவும் வெறுங்கையோடு போனார்கள். பொலிசில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு வசனம்தான். பின்னால வலிச்சுக்கொண்டுதான் இருந்தவர். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். மாதக்கணக்காக என் புருசனை நான் பார்த்த பார்வை அது. நான் நம்புகிறேன் என்று சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விழுந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதை நினைத்தால் நெஞ்சு வெடிக்கிறது.

கொட்டாஞ்சேனையில் இருந்து சாரங்கனின் அக்கா தனுஷியா வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. "தம்பிக்குத் தம்பியா? பழி தீர்ந்துதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

என்னை நம்பியது அம்மா மட்டும்தான். அன்றிரவே என் கட்டிலில் வந்து இருந்தார். மருமகனைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

"துடுப்பைத் தட்டினவனோ?" என்றார்.

"ஓம்."

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். துக்கத்தில் அல்ல. "அப்ப இருக்கிறான்," என்றார். "என்ர பிள்ளை இருக்கிறான்." எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல் இருந்தது. என்னுடைய ஆள் போனது அவருக்கு ஒரு செய்தியே இல்லை.

அந்தக் கிழமை நான் வங்கிக்கு வேலைக்குப் போய்விட்டு வந்த ஒருநாள் அம்மாவை வீட்டில் காணவில்லை. முழங்கால் வருத்தத்தில் கீழ்மாடிக்கே இறங்காத மனுசி. தேடத் தொடங்கும்போது ஹெக்டரின் கோல் வந்தது. கயாக்கில் கற்பூரம் கொளுத்த வேண்டும் என்று அம்மா கேட்டாராம். பாவம் என்று படகைத் தண்ணீரில் விட்டுக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி எடுக்க உள்ளே போயிருக்கிறார். திரும்பி வந்தால் படகு நடு ஏரியில். அம்மா முன்னுக்கு, சேலைத்தலைப்பைப் போர்த்திக்கொண்டு, மடியில் கைகளை வைத்தபடி இருந்தாராம்.

"நோனா," என்றார். அவர் சிங்களத்தில் கேட்டதன் அர்த்தம் இதுதான். உங்கட அம்மாவுக்குத் துடுப்பு வலிக்கத் தெரியாதே. அப்ப ஆர் வலிச்சது?

அம்மா கரையேறி ஆட்டோவில் கிளம்பிக் கனநேரத்துக்குப் பிறகுதான் அவர் கோல் எடுத்திருக்கிறார்; நான் காரை எடுக்க முன்னமே அம்மா வந்து இறங்கினார். முகத்தில் பழைய களை. கையில் வாளி. வாளி நிறைய நண்டு. ஒவ்வொன்றின் கொடுக்கும் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அம்மா உயிர்நண்டைக் கையால் தொடமாட்டார். சந்தையில்கூட விலகித்தான் நடப்பார்.

"ஆர் கட்டினது?"

"ஆர் கட்டுறது? நான் முன்னுக்கெல்லோ இருந்தனான்," என்றார் அம்மா.

நேரே குசினிக்குள் போனார். நண்டு உடைத்து, தூள் போட்டு, இறக்கும்போது முருங்கையிலை தூவி, ஒரு நல்லநாள் மாதிரிச் சமைத்தார். ஹோலில் குத்துவிளக்கு ஏற்றி, ஒரு வாழையிலை போட்டார்.

ஒரு இலை. தன் மகனுக்கு மட்டும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குசினிக்குள் போய் மிஞ்சிக் கிடந்த ஒரே இலையை எடுத்துவந்து பக்கத்தில் போட்டேன். என் மனிசனுக்கும் பசிக்கும். அம்மா இரண்டிலும் சோறும் நண்டும் வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வெளியே நடைபாதையில் வந்து நின்றோம். செய்யக் கூடாதது என்று ஐயர் சொன்னதை நானும் சேர்ந்துதான் செய்தேன். ஆசை இருக்கிறவளுக்கு ஐயர் சொல்லா காதில் ஏறும்?

எதிர் பிளாட் ஸமீமா சாமான் பையோடு படியேறி வந்தாள்.

"என்ன சாரு, வெளிய நிக்கிறீங்க?" என்றாள். பிறகு எங்கள் கதவைப் பார்த்தாள். "உள்ளுக்கு விருந்தாளி வந்தீக்கிறாங்களா?"

அப்போது எனக்கும் கேட்டது.

நண்டுக் கோதைப் பல்லால் கடிக்கிற சத்தம்.

மெதுவாக. ஆறுதலாக. பசி தீர.

"ஓம்," என்றார் அம்மா. "பிள்ளைகள் வந்திருக்கினம்."

ஸமீமா என் முகத்தைப் பார்த்தாள். தன் வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். சங்கிலியும் போட்டாள்.

அம்மா என் கையைப் பிடித்தார். அவருடைய கை ஈரமாகவும் குளிராகவும் இருந்தது. காதருகில் வந்து, கோயிலில் கதைப்பது போல மெல்லக் கதைத்தார்.

"உன்ர மனிசனும் அங்கதான் இருக்கிறார் பிள்ளை. ரெண்டு பேரும் மாறி மாறி வலிக்கினம். நாளைக்கு நீயும் வா. நான் முன்னுக்கு இருக்கிறன். நீ பின்னுக்கு இரு."

"அம்மா, பின்னுக்கு இருந்தால் நான்…"

"தெரியும்," என்றார் அம்மா.

அவருடைய கண்ணை நான் பார்த்தேன். அதில் கோபம் இல்லை, பைத்தியமும் இல்லை. சின்ன வயதில் தம்பி கேட்டால் என் கையில் இருப்பதை வாங்கி அவனிடம் கொடுப்பாரே, அதே கண். நான் அப்போதும் கொடுத்தேன்.

உள்ளே சத்தம் அடங்கியது. அம்மா கதவை மூன்றுதரம் தட்டிவிட்டுத் திறந்தார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு இலையும் வழித்துத் துடைத்தது போல் வெறுமையாக இருந்தன. ஓரத்தில் நண்டுக் கோதுகள் குவிந்து கிடந்தன. தரையெல்லாம் ஏரிச்சேற்று மணம்.

அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இலை கிடந்தது. வீட்டில் வேறு இலை இருக்கவில்லை. நுனி இடப்பக்கமாக இருக்க, தண்ணீர் தெளித்து, ஒன்றும் பரிமாறாமல் விட்டிருந்தது.

அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குசினிக்குப் போய்க் கறிச்சட்டியோடு வந்தார்.

"இரு பிள்ளை," என்றார். "உனக்கும் போட்டு வச்சிருக்கினம்."